வசந்தாமணி பாட்டுக்கு நான் பண்ணின மிக்ஸிங்

ஏனுங்க, அந்தப் பையை மேல வச்சிராதீங்க. என்ற மடியிலயே இருக்கட்டும். கண்டக்டர் சொன்னாருன்னு நீங்களும் தூக்கப் பாக்கறீங்களே! உள்ள லேப்டாப் இருக்குதுங்க. இந்த டிரைவரு ஒரு குழியை விட மாட்டாரு. மேல வச்சா ஆச்சு, என்ற பொழப்பே போச்சு. நீங்க சித்தே அக்கட்ட நகுந்து உக்காருங்க, போதும். நீங்க சத்தியமங்கலம் வரைக்குமுங்களா? நான் புளியம்பட்டியில இறங்கிக்குவேன். என்ற ஊட்டுக்காரி அங்க அவங்கண்ணன் ஊட்டுல இருக்கறா. கூட்டிட்டு வரலாம்னு போறேன்.

சண்டையா? அட, சண்டையெல்லாம் ஒண்ணுமில்லீங்க. ஒரு டெக்னிக்கல் பிரச்சினை.

காதுல மாட்டியிருக்கறது பாட்டுங்களா? குடுங்க, ஒரே நிமிஷம். தப்பா நெனச்சுக்காதீங்க, எனக்கு இதுதான் தொழிலு... ம். ம்ம். யாருங்க இதுக்கு மிக்ஸிங் பண்ணின புண்ணியவான்? தபேலா சிங்காநல்லூர்ல வாசிக்குது, பாடறவரு ஊட்டியில நின்னு பாடறாரு. இதைப் போய் ரசிச்சுட்டு வர்றீங்களே, உங்களைச் சொல்லிக் குத்தமில்லை. ஜனங்களுக்குக் காது இல்லீங்க. மிக்ஸிங்குக்கு என்ன வேணும்னு எல்லாரும் என்னைக் கேப்பாங்க. கம்ப்யூட்டரா, மைக்கா, சாஃப்ட்வேரான்னு. காது வேணுமுங்க, காது. மொதல்ல எதிராளி என்ன பாடறான்னு கேக்கோணும். கேக்கத் தெரிஞ்சவனுக்கு மத்ததெல்லாம் தானா வரும்.

தொழிலுன்னா இதே தொழிலு இல்லீங்க. பகல்ல பம்புசெட்டு கம்பெனியில டெஸ்டிங் செக்சன். மோட்டாரு ஓடற சத்தத்தை வச்சே பேரிங் போயிருச்சா இல்லையான்னு சொல்லிப்போடுவேன். அந்தக் காது இருக்கறப்ப பாட்டு ரெக்கார்டிங் என்னங்க பெரிய விசயம்? யூடியூப்ல ஒரு வெள்ளைக்காரன் சொல்லிக் குடுப்பான், எல்லாம் அதைப் பாத்துப் படிச்சதுதான். அவன் பேசறது பாதி புரியாது. ஆனா அவன் எந்தப் பட்டனை அமுக்கறான்னு பாத்துக்கிட்டா போதுமே.

ஊட்டுலயே ஸ்டுடியோ போட்டுட்டேன். ரெண்டு ரூமு இருக்குது. ஒண்ணு சமையக்கட்டு, இன்னொண்ணு ஸ்டுடியோ. படுக்கறதுங்களா? ஸ்டுடியோவுலதான், ஒயரெல்லாம் சுருட்டி வச்சுட்டு. நீங்க நாளைக்கே ரெக்கார்டிங் பண்றீங்கன்னு வச்சுக்கோங்க, மொதல் வேலை செவுத்தைக் கவனிக்கறது. மொட்டைச் செவுரா இருந்தா குரலு போய் மோதித் திரும்பி வரும், பாட்டு கெணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி ஆயிரும். தடிமனா துணி தொங்க விடோணும். நான் கம்பளி வாங்கலாம்னுதான் பாத்தேன். அப்புறம் பாத்தா பீரோவுல பட்டுச் சேலைக சும்மா கெடக்குது. கல்யாணச் சேலை, சீர்ச் சேலை, எல்லாம் நல்ல கெட்டி ஜரிகை. செவுத்துல அடிச்சு விட்டேன், அப்பா, என்ன ஒரு அமைதி! அதுக்கு அவ மூணு நாளு பேசலை. ஆணி சின்ன ஆணிதானுங்க.

அப்புறம் பாருங்க, ரெக்கார்டிங் நேரத்துல ஃபேன் ஓடக்கூடாது, குக்கர் வைக்கக்கூடாது, மிக்சி ஆகவே ஆகாது. ஃபிரிட்ஜு கூட ஒரு மாதிரி ரீங்காரம் போட்டுட்டே இருக்கும், நமக்குத் தெரியாது, மைக்குக்குத் தெரியும். அதையும் அணைச்சுப்போடோணும். மாவு புளிச்சுப் பொங்கி வெளிய வந்துச்சுன்னா அதுக்கு நான் பொறுப்பா? "ஏனுங்க, ஊட்டுல மனுசங்க மூச்சு விடலாமா, அதையும் அணைக்கோணுமா"ன்னு கேட்டா. நக்கல் எச்சா இருக்கும் அவளுக்கு. நான் அதெல்லாம் காதுல வாங்கிக்கறதில்லை.

கோவில்பாளையம் தாண்டிட்டமா? சரி, இன்னும் நேரம் இருக்குது.

அவ பேரு வசந்தாமணிங்க. நல்லாப் பாடுவா. நல்லான்னா, நம்ம திருத்தினா நல்லா இருக்கும், அந்த அளவுக்கு. எங்க ஏரியாவுல வருசா வருசம் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போற குழு ஒண்ணு இருக்குதுங்க. பச்சை வேட்டி, பச்சைச் சேலை கட்டிக்கிட்டு பொள்ளாச்சி, உடுமலை வழியா நடப்பாங்க. இவ பத்து வருசமா போறா. நடந்துட்டே ஒரு பாட்டு சொந்தமாக் கட்டிப்போட்டா. எழுதி வச்சுப் படிச்சதெல்லாம் இல்லை, கால் வலியில வந்தது.

"காலு நோவுது கந்தா, இன்னுங்
காதந் தூரமா கந்தா?"

இப்படிப் போகும். இவ ஒரு வரி பாடுவா, குழு அத்தனை பேரும் திருப்பிப் பாடுவாங்க. இவ மூச்சு எடுக்கறப்ப அவங்க பாடறது, அவங்க மூச்சு எடுக்கறப்ப இவ பாடறது. ரொம்ப சாதாரணமான ஏற்பாடு. பெருசா சங்கீதமெல்லாம் கெடையாது. ஆனா அதைப் பாடிட்டு நடந்தா தூரமே தெரியலைன்னு எல்லாரும் சொல்லுவாங்க. போன வருசம் இவளுக்குத் தொண்டை கட்டிக்கிச்சு. அப்ப குழுத் தலைவரு ஊட்டுக்கு வந்தாரு. "சென்னியப்பா, நீதான் ரெக்கார்டிங் பண்றியாம்ல. அந்தப் பாட்டைப் பதிவு பண்ணிக் குடு. அடுத்த வருசம் வேன்ல ஸ்பீக்கர் கட்டிப் போட்டுட்டே போலாம். பொண்ணு தொண்டைக்கும் சிரமமில்லை"ன்னாரு.

இவளுக்கு அன்னைக்கு மொகத்தைப் பாக்கோணுமே! என்ற பாட்டு வேன்ல வரப்போகுதான்னு அக்கம்பக்கமெல்லாம் சொல்லிட்டு வந்தா. புளியம்பட்டிக்கு போன் போட்டு அண்ணன்கிட்ட வேற சொல்லியாச்சு. அதை நெனச்சாத்தான் எனக்கு இப்பவும் சங்கடமா இருக்குதுங்க. எவ்வளவு ஆசையா இருந்தா! அதனாலதான் நானும் உயிரைக் குடுத்து வேலை பாத்தேன். ஏனோதானோன்னு பண்ணிப்போட்டு உட்டிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது.

பாட வச்சனுங்களா. மைக்கு முன்னால நில்லுன்னேன். "நின்னா வராதுங்க, நடந்தாத்தான் வரும்"ங்கறா. நின்ன எடத்துலயே காலைத் தூக்கித் தூக்கி வைக்கறா. தரை அதிருது, மைக்குல டொம்மு டொம்முங்குது. அசையாம நில்லுன்னு சொல்லிப்போட்டேன். வளையல் சத்தம் போடுது, கழட்டுன்னேன். கழட்டினா. கொலுசு. கழட்டினா. அப்புறம் பாத்தா தாலிக்கொடி போயி மைக்கு ஸ்டேண்டுல கிணுங் கிணுங்குன்னு தட்டுது. அதையும் சித்தே கழட்டி வைன்னேன்.

பாத்தா பாருங்க ஒரு பார்வை! சாமி! நான் என்னமோ வேணும்னு சொன்ன மாதிரி. சத்தம் வருதுன்னா என்னங்க பண்றது? சரி, கழட்ட வேண்டாம்னு செல்லோ டேப் போட்டுக் கழுத்தோட ஒட்டி விட்டேன். இப்படியெல்லாம் எந்தப் புருசன் அனுசரிச்சுப் போவான், சொல்லுங்க.

பாடி முடிச்சா. அளவெல்லாம் சரியாத்தான் புடிச்சேன். இதையும் ஞாபகத்துல வச்சுக்கோங்க: ரெக்கார்டிங் பண்றப்ப சத்த அளவைக் காமிக்கற பச்சைக் கோடு செவப்புக்குப் போகவே கூடாது. கொஞ்சம் கம்மியாவே புடிங்க, அப்புறமா ஏத்திக்கலாம். செவப்புல போயிருச்சுன்னா குரலு கிழிஞ்சிரும், கிழிஞ்சதை எவனாலயும் தைக்க முடியாது. அதே மாதிரி ஒரிஜினலை ஒரு காப்பி தனியா எடுத்து வச்சரோணும். இது ரொம்ப முக்கியமுங்க. நான் எல்லார்கிட்டயும் சொல்லுவேன். என்னுது அழிஞ்சுபோச்சு, அது வேற கதை. டிஸ்க்குல எடமில்லை, எதையாச்சும் அழிச்சாத்தான ஆகும்?

மிக்ஸிங் ஆரம்பிச்சேன். திரையில பாத்தா குரலு மலை மலையா தெரியுது, மலைக்கு நடுவுல நடுவுல சின்னச் சின்னதா குப்பை. என்னன்னு பாத்தா மூச்சு. ஒவ்வொரு வரிக்கும் முன்னால ஹஹ்னு ஒரு மூச்சு எடுக்கறா. அசிங்கமா இருந்துச்சு. பெரிய பெரிய பாடகிக பாட்டுல மூச்சு கேக்குதுங்களா? உக்காந்து ஒண்ணொண்ணா வெட்டினேன். வெட்டின எடத்துல காலியா இருந்துச்சு, காலியா இருந்தா நல்லா இருக்காதுன்னு எல்லாத்தையும் இழுத்து ஒட்டி வச்சேன். பாட்டு அப்படியே சீவின மாதிரி ஆயிருச்சு.

அப்புறம் சுருதி. சாஃப்ட்வேர் சுருதிக்கு ஒரு கோடு போட்டுக் காமிக்கும். இவ குரலு அந்தக் கோட்டுல நிக்கவே மாட்டேங்குது. அதுலயும் "காதந் தூரமா"ங்கற எடத்துல, "மா"வை ஒரு மாதிரி மேல தூக்கி நெளிக்கறா. கந்தனைக் கேக்கறாளாம். நான் நேரா இழுத்துக் கோட்டுல உக்கார வச்சேன். அவ கேட்டுட்டு, "ஏனுங்க, நான் இன்னும் தூரமான்னு கேட்டேன், இது தூரம்னு சொல்லுதே"ன்னா. எனக்குச் சிரிப்புத்தான். சாமி பாட்டுல கேள்வி என்ன, பதிலு என்ன?

எதிரொலி கொஞ்சம் சேத்தேன். அது சாம்பாருக்கு உப்பு மாதிரி இருக்கோணும், போட்டது தெரியக் கூடாது, போடாதது தெரியோணும். எனக்குப் பழனி மலையே பாடற மாதிரி வேணும்னு கொஞ்சம் தாராளமாவே போட்டேன். தாளத்துக்கு சாஃப்ட்வேர்ல இருந்து ஒரு டிரம்மு. முடிஞ்சுது. கம்பெனி கார்ல கேட்டேன், போன்ல கேட்டேன், கம்பெனியில டெஸ்டிங் பெஞ்சுல ஸ்பீக்கரை வச்சுக் கேட்டேன். பத்து விதமா கேக்கோணும்னு அந்த வெள்ளைக்காரன் சொல்லியிருக்கான். எல்லா எடத்துலயும் ஜோராத்தான் இருந்துச்சு. இவளுக்குத்தான் முழுசாப் போட்டுக் காமிக்க நேரமில்லை, முக்காவாசிதான் கேட்டா. மிச்சத்தை வேன்லயே கேட்டுக்கட்டும்னு உட்டுட்டேன்.

அன்னூரா இது? ஏனுங்க, கடலை வாங்கிக்கறீங்களா? வேண்டாமுங்களா. சரி.

தைப்பூசத்துக்கு வேன் கெளம்புச்சு. நானும் லீவு போட்டுட்டு வேன்லயே, ஸ்பீக்கர் பக்கத்துலயே உக்காந்துட்டேன். பாட்டைப் போட்டேன். ஊரே திரும்பிப் பாத்துச்சு. குழு அத்தனை பேரும் கையைத் தூக்கி அரோகரான்னாங்க. கூடவே பாட ஆரம்பிச்சாங்க. மொதல் வரி நல்லாத்தான் பாடினாங்க. ரெண்டாவது வரிக்கே பாதிப் பேரு வாயைப் பொளந்துட்டாங்க. பாட்டு நிக்கவே மாட்டேங்குது, இவங்க திருப்பிப் பாட எடமே இல்லை. நானு எடத்தையெல்லாம் ஒட்டிப்போட்டனல்ல? அதுக்கு டிரம்மு வேற மோட்டார்ல கட்டின மாதிரி போகுது. அதுக்கு ஏத்தாப்புல நடக்கப் பாத்தவங்க ஓட ஆரம்பிச்சுட்டாங்க. மளிகைக்கடைக்காரர் ஒருத்தரு, கொஞ்சம் பெரிய ஒடம்பு, நெஞ்சைப் புடிச்சுக்கிட்டு மைல் கல்லு மேல உக்காந்துட்டாரு. சோடா வாங்கிக் குடுத்தாங்க. "முருகா, இந்த வருசம் என்னடா இப்படிச் சோதிக்கறே"ன்னு பொலம்பறாரு. முருகன் என்ன பண்ணுவாரு? டெம்போ அது, தாளத்தோட வேகம். நிமிசத்துக்கு இத்தனைன்னு நான் வச்சது.

குழுத் தலைவரு வேன் பக்கத்துல வந்தாரு. "சென்னியப்பா, கோவிச்சுக்காத, அதை நிறுத்து"ன்னாரு. நிறுத்தியாச்சு. அப்புறம் வசந்தாமணியைப் பாத்து, "நீ பாடு கண்ணு"ன்னாரு.

பாடினா. என்னத்தைச் சொல்ல! மைக்கு இல்லை, எதிரொலி இல்லை, ரோட்டுல லாரி போகுது, ஆடு கத்துது. வளையல் குலுங்குது, கொலுசு கொஞ்சுது, மூச்சு எடுக்கற சத்தம் எனக்கே வேன் வரைக்கும் கேக்குது. ஒரு ரெக்கார்டிங்குன்னா என்னென்ன இருக்கக் கூடாதோ அத்தனையும் இருந்துச்சு. அதைப் போய் அத்தனை பேரும் கண்ணுல தண்ணி உட்டுட்டுப் பாடறாங்க! அந்த மளிகைக்கடைக்காரர் எந்திரிச்சு எல்லாருக்கும் முன்னால நடக்கறாரு. நான் சொன்னனல்ல, ஜனங்களுக்குக் காது இல்லைன்னு? எனக்கு வந்த வெறுப்புக்கு உடுமலையிலயே பஸ் ஏறி ஊட்டுக்கு வந்துட்டேன்.

ஆனா பாருங்க, நம்ம தொழில்ல விமர்சனத்தை ஏத்துக்கோணும். இதையும் குறிச்சுக்கோங்க. எதிராளி என்ன சொல்றான்னு கேட்டு, அதுல நாயம் இருந்தா திருத்திக்கோணும். அவங்க சொன்ன குறை என்ன? பாட்டுல மூச்சு உட எடமில்லை. சரி, மூச்சுதான வேணும்? வச்சுக் குடுத்தா ஆச்சு. ஆனா ஒரிஜினல்தான் அழிஞ்சுபோச்சே. இவ பழனியில இருந்து வந்த கையோட சொன்னேன், "பாடக்கூட வேண்டாங் கண்ணு, மைக்கு முன்னால நின்னு சும்மா மூச்சு மட்டும் எடு, ஒரு பத்துத் தடவை." காலெல்லாம் கொப்புளம், அதுக்கு மஞ்சள் அரைச்சுட்டு இருந்தா. நிமிந்து என்னைப் பாத்தா. "என்னால ஆகாதுங்க"ன்னுட்டு மறுபடியும் அரைக்க ஆரம்பிச்சுட்டா.

அதுக்காக வேலையை நிறுத்த முடியுங்களா? என்ற மூச்சையே எடுத்துப் போட்டேன்.

ஏனுங்க சிரிக்கறீங்க? மூச்சுல ஆம்பளை என்ன, பொம்பளை என்ன? காத்துதான? எனக்குக் கொஞ்சம் சைனஸ் இருக்குது, லேசா விசிலடிக்கும். அதைக்கூட ஈக்யூங்கற சத்தம் திருத்தற வசதியைப் போட்டுக் கொறைச்சுட்டேன். எடமெல்லாம் உட்டு, ஒவ்வொரு வரிக்கும் முன்னால கச்சிதமா வச்சேன். அவங்கண்ணன் நாச்சிமுத்து அன்னைக்கு ஊட்டுக்கு வந்திருந்தாரு, தங்கச்சி பாட்டைக் கேக்கோணும்னு ஆசையா. ரெண்டு பேரையும் உக்கார வச்சுப் போட்டுக் காமிச்சேன். மச்சான் பாதியில, "ஏனுங் மாப்ள, புள்ளைக்குப் பின்னால எவனோ ஓடி வர்றானே, யாரு அது?"ன்னாரு. படிக்காத ஆளு, உடுங்க. இவ கடைசி வரைக்கும் கேட்டா. முடிஞ்சதுக்கு அப்புறம் மெதுவா, "பாட்டு என்னுது. மூச்சு உங்குளுது. இதுல நான் எங்கீங்க இருக்கறேன்?"ன்னா.

நான் உடனே சொன்னேன், "நடுவுல இருக்கற. சென்டர்ல வச்சிருக்கேன். எடது காது, வலது காது ரெண்டுலயும் சமமா வருது பாரு"ன்னு. நாயமான பதிலுதானுங்களே? ஒரு டவுட்டு கேட்டா, தெரிஞ்சதைச் சொன்னேன்.

அவ எந்திரிச்சுப் போயி செவுத்துல இருந்து பட்டுச் சேலையை ஒண்ணொண்ணா ஆணியைப் புடுங்கி எடுத்தா. மடிச்சு வச்சா. நான் சேலையைத் தொவைக்கப் போடறான்னு நெனச்சேன். பாத்தா அண்ணன் வண்டியில ஏறி உக்காந்துட்டா.

அது ஆச்சுங்க ஒரு மாசத்துக்கு மேல. ஊடு வெறிச்சோன்னு கெடக்குது. குக்கர் இல்லை, வளையல் இல்லை, ஃபிரிட்ஜைக்கூட நிரந்தரமா அணைச்சுட்டேன், உள்ள வைக்க ஒண்ணுமில்லை. ரெக்கார்டிங்குக்கு இப்படி ஒரு சூழ்நிலை லட்ச ரூவா குடுத்தாலும் கெடைக்காது. ஆனா ரெக்கார்டிங் பண்ணத்தான் மனசு வர மாட்டேங்குது. காலையில காப்பி வைக்கறப்ப அந்தப் பாட்டை முணுமுணுத்துட்டே வைப்பா. அப்பெல்லாம் சித்தே சும்மா இருன்னு சொல்லுவேன். இப்ப அந்த நேரத்துக்குத் தானா முழிப்பு வந்துருது. பொய் சொல்லக் கூடாதுங்க, அழுகையே வந்துருது.

மச்சான் போன்ல, "இந்தப் பக்கம் வந்தீங்கன்னா மரியாதை கெட்டுரும்"னு சொல்லிட்டாரு. அதெல்லாம் ஒண்ணுமில்லை. இந்தப் பென்டிரைவ்ல புது மிக்ஸிங் இருக்குது. என்ற மூச்சை நல்லாக் கொறைச்சு, லேசா எடது பக்கம் தள்ளி வச்சிருக்கேன். இதைக் கேட்டான்னா பேசாம கூட வந்துருவா. லேப்டாப்பையும், அவ பொட்டிம்பா, எதுக்கு எடுத்துட்டுப் போறேன்னா, அங்கயே உக்காந்து அவ சொல்ற திருத்தத்தைப் பண்ணிப்போடலாம்ல?

அவகிட்ட இருந்து தகவலே இல்லைன்னும் சொல்ல முடியாது. நேத்து ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தா. ஐயோ, அதோட லட்சணத்தைக் கேக்கோணுமே நீங்க! ஃபேன் ஒரு பக்கம், மாடு ஒரு பக்கம், நடுவுல மூக்கை உறிஞ்சற சத்தம் வேற. கேட்ட உடனே கம்ப்யூட்டர்ல போட்டுட்டேன். இதுக்குன்னு ஒரு வசதி இருக்குதுங்க, கேட்டும்பாங்க, கதவு மாதிரி. ஒரு அளவுக்கு மேல சத்தம் வந்தா தொறக்கும், அதுக்குக் கம்மியா வந்தா சாத்திக்கும். அதைப் போட்டு, மூக்கு உறிஞ்சறதை வெட்டி, சுத்தம் பண்ணி வச்சிருக்கேன். கேளுங்க, இந்த ஒரு இயர்போனை மாட்டுங்க.

"ஏனுங்க, நீங்க இங்க வர வேண்டாம். அண்ணன் கோவமா இருக்குது. நான் நல்லாத்தான் இருக்கறேன். நேரத்துக்குச் சோறு திங்கோணும்."

எப்படி? கண்ணாடி மாதிரி இல்லை? அந்த "வர வேண்டாம்"ங்கறது எவ்வளவு அழுத்தந் திருத்தமா வந்திருக்குது பாருங்க. ஒரு கரகரப்பு இல்லை. ஒண்ணு சொல்லட்டுங்களா, இவ்வளவு தெளிவா அவ என்கிட்டப் பேசினதே இல்லை.

வரவேண்டாம்னு சொன்னா அதுக்கு என்ன? அது கோவத்துல சொல்றது. நம்ம விசயம் சவுண்டு. இருங்க, திருத்தறதுக்கு முன்னால எப்படி இருந்துச்சுன்னு போடறேன், அப்பத்தான் என்ற வேலை உங்களுக்குப் புரியும். இதான் ஒரிஜினல்... கேக்குதா ஃபேனு? மாடு? இங்க பாருங்க, மூக்கு... ம், முடிஞ்சுது.

ஏன் இயர்போனை எடுக்க வேண்டாங்கறீங்க? இன்னும் ஓடுதா? அது வெறும் ஃபேன் சத்தமுங்க. பேசி முடிச்சுப் போனை நிறுத்த மறந்திருப்பா. அரை நிமிசம் சும்மா ஓடுது, அதனாலதான் நான் கடைசியை வெட்டி... என்னது? பேசறாளா? என்ன பேசறா? குடுங்க, குடுங்க அதை. இன்னொருக்காப் போடுங்க. சத்தத்தை முழுசா ஏத்துங்க.

"...வர்றதுன்னா... அந்தப் பொட்டியை ஊட்டுலயே வச்சுப்போட்டு... நீங்க மட்டும் வாங்க."

...

இன்னொருக்கா.

...

அட கண்ணு.

ஒரு நிமிசம். பாருங்களேன், நேத்துல இருந்து எத்தனை தடவை கேட்டிருப்பேன், இது இருக்கறதே எனக்குத் தெரியலை. நீங்க கண்டுபுடிச்சீங்க. உங்களுக்கு நல்ல காது இருக்குதுங்க, வெளையாட்டுக்குச் சொல்லலை. நீங்க மட்டும் வாங்கன்னு சொல்லியிருக்கா பாத்தீங்களா! அவளுக்கு என் மேல கோவமே இல்லீங்க. நானே வரோணும்னுதான் சொல்லியிருக்கா. "மட்டும்"கறப்ப குரலு நடுங்குது, கேட்டீங்களா? ஐயோ, இவ்வளவு முக்கியமானதை மைக்கை உட்டுத் தள்ளிப் போயா சொல்லுவா? எத்தனை தடவை சொல்லியிருக்கேன், வாய்க்கிட்ட வச்சுப் பேசுன்னு.

சித்தே இந்தப் பையைப் புடிங்க. ஜிப்பைத் தொறந்துக்கறேன். ஃபேன் சத்தம் மட்டும் ஒரே சீரா இருக்குது, அதைத் தனியாப் பிரிச்சு எடுத்துட்டா அவ சொல்றது அப்படியே பளிச்சுன்னு வந்துரும். போறதுக்குள்ள பண்ணிப்போட்டேன்னா, ஊட்டுக்குள்ள நொழைஞ்ச உடனே போட்டுக் காமிப்பேன். பாரு கண்ணு, நீ சொன்னதை நான் எவ்வளவு சுத்தமாக் கேட்டுட்டேன்னு.

ஏனுங்க, கண்டக்டர் என்னங்க கத்தறாரு? புளியம்பட்டியா? அதுக்குள்ளயா? இறங்கறவங்க இறங்கட்டும், எல்லாம் சந்தைக் கூட்டம். என்னால இப்ப இறங்க முடியாதுங்க, இது பாதியில நிக்குது, பாதியில மூடினா மொதல்ல இருந்து பண்ணோணும். நீங்க கண்டக்டர்கிட்டச் சொல்லிச் சத்திக்கு ஒரு டிக்கெட்டு வாங்குங்க. அங்க இறங்கி எதிர் பஸ்ஸைப் புடிச்சு வந்துக்கறேன்.

அட, கையை எடுங்க, மூடிராதீங்க. அவ எங்கீங்க போயிரப் போறா?